பொருளீட்டுவோனும் நல்லாலோசகனும்

பொருளீட்டல் பழியோவெனின், அன்று என்பதே நம் முன்னோர் துணிபு. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் உறுதிப்பொருள் நான்கனுள் பொருளை இரண்டாவதாக நிறுத்தியோர் அதனை இழிந்ததென்று கருதினாரல்லர். திருவள்ளுவனார் பொருள்செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். செல்வத்தை இகழ்ந்து பேசுவோருட் பலர் பிறர் உழைப்பில் உண்டு வாழ்வோராகவே இருத்தலைக் காண்கின்றோம். அவரோடு வாதிட்டு இப்பத்திரிகையின் பக்கங்களை நிரப்புதல் நம் கருத்தன்று. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது வேறொன்று. தன் அறிவும் உழைப்பும் போதாவிடத்து, பொருளீட்ட விரும்புவோன் பிறருடைய ஆலோசனையை நாடுகின்றான். அவ்வாலோசனை கூறுவோன் நேர்மையுடையவன் என்பதை அவன் எதனைக்கொண்டு அறிவான்? இதுவே வினா.

இவ்வினா அரசவைக்கும் பெருவணிகர் மாளிகைக்குமே உரியதென்று எண்ணுதல் தவறு. கண்டி நகரின் வடபாலுள்ள மஹய்யாவ என்னும் பகுதியை அறியாதார் நம் வாசகருட் சிலரே. 1865இல் கண்டிக்கு நகரசபை அமைந்தது. நகரைத் துப்புரவு செய்யும் பணிக்கென்று ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலே தென்னிந்தியாவினின்றும் கொணரப்பட்ட தமிழ் மக்களின் சந்ததியார் பலர் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர். விடியுமுன் எழுந்து, ஊர்க்குப்பையை அகற்றி, பல்லாண்டு உழைத்து ஓய்வுபெறும் ஒருவர் கையில், வாழ்நாளில் ஒரேயொருமுறை, ஒரு பெருந்தொகை ஒருங்கே வந்து சேர்கின்றது. பணிக்கொடை என்பர் அதனை. அதுகாறும் அவரை ஏறெடுத்தும் பாராதார் அன்றுமுதல் ஐயா என்றழைத்து வாயிலில் வந்து நிற்பர். ஒருவர் ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தோடு வருவார். ஒருவர் மகனுக்கு முச்சக்கர வண்டி லீசிங்கில் எடுத்துத் தருவதாகக் கூறுவார். ஒருவர் கண்காணாத ஊரிற் காணித்துண்டொன்று மலிவாக உண்டென்பார். மற்றொருவர் கைத்தொலைபேசியைத் திறந்துகாட்டி, இதிற் பணமிட்டால் நாள்தோறும் வளரும் என்பார். இந்நால்வரும் தம்மை ஆலோசகர் என்றே கூறிக்கொள்வர். ஆண்டொன்று முடியுமுன் தொகையும் முடிந்தொழிந்த வீடுகளை நாம் அறிவோம். அவ்வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் நெஞ்சொடுங்கி இருப்பதும், சிலநாளின் பின் வராதொழிவதும் ஆசிரியராயினார் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இவ்விழப்புக்குக் காரணம் கல்வியின்மை என்று கூறி அமைவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. கற்றோரும் செல்வரும் இவ்வாறே ஏமாந்த வரலாறுகள் நம் அயலிலேயே உள. சென்னைப் பட்டணத்திலே ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு ஆங்கில வங்கி இருந்தது. அதன் தலைவராகிய ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் என்பாருக்கு இருந்த மதிப்பு பெரிது. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை அவர் பெயரொன்றையே நம்பி அங்கு வைத்தனர். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 22இல் அவ்வங்கி கதவடைத்தது. இலண்டனிலிருந்த கூட்டாளி சூதினை ஒத்த வாணிகங்களிற் பெரும்பணத்தை இழந்து, ஈற்றில் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். ஸர் ஜார்ஜ் 18 மாதம் கடுங்காவல் தண்டம் பெற்றார். பணத்தை இழந்தோருக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றமையால் இந்தியன் வங்கி தோன்றி, 1907 ஓகஸ்ட் 15இல் தொழில் தொடங்கியது.

கண்டியும் அதற்கு முன்னரே இத்தகைய பாடமொன்றைக் கற்றது. காப்பிப் பயிர் இம்மலைநாட்டில் ஓங்கியிருந்த காலத்து, தோட்டக்காரர்க்குக் கடனளித்தும், மக்கள் கையிற் புழங்கும் நாணயத்தாள்களை வெளியிட்டும் ஒரியன்டல் வங்கி மேம்பட்டு நின்றது. 1869இல் காப்பி இலையிற் கண்ட துருநோய் சில ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. 1884 மே 3இல் வங்கியும் வீழ்ந்தது. அதன் தாள்களை வைத்திருந்தோர் கலங்கி நிற்ப, தேசாதிபதி ஸர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தமையாலன்றோ பலர் பிழைத்தனர். பின்னர் 1885முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடலாயிற்று. நம் காலத்திலும், 2008 டிசெம்பரில் கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி முறிந்தபோது பெருந்தொகையை இழந்தவர் எழுத்தறியாதாரல்லர். மத்திய வங்கியின் அனுமதியின்றி வைப்புப்பணம் பெற்ற அந்நிறுவனத்தை, அது சார்ந்திருந்த பெருங் குழுமத்தின் பெயர்நோக்கியே அவர்கள் நம்பினர்.

ஆகவே, பெயரும் புகழும் நேர்மைக்குச் சான்றாகா. அறிவு சான்றாகுமோவெனின், அதுவும் ஆகாது. நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து, பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஆங்கிலப் பேரறிஞரின் கட்டுரைகளை ஓதுவித்தனர். ஆலோசனை என்பது பற்றியே அவர் ஒரு கட்டுரை வரைந்துள்ளார். அரசர்க்கு ஆலோசனை கூறுவோர் எத்தன்மையராதல் வேண்டும் என்பதனை அவரினும் நுணுகி ஆராய்ந்தோர் அரியர். அவர்தாமே சான்சலர் பதவியிலிருந்தபோது வழக்காளிகளிடம் கையூட்டுப் பெற்றமையை 1621இல் ஒப்புக்கொண்டு பதவியிழந்தார். அக்கட்டுரையை நெட்டுருச் செய்வித்த துரைமார் இதனை எமக்குச் சொல்லிற்றிலர். பின்னாளில் நாமே நூல்நிலையத்திற் கண்டறிந்தோம். நேர்மை இன்னதென அறிதல் வேறு, நேர்மையுடையனாதல் வேறு.

இனி, ஒழுக்கத்தைக்கொண்டு அறியலாமே என்பர். திருநீறணிவோன், கோயிலுக்குத் தவறாது செல்வோன், மதுவருந்தாதோன் என்று இவ்வாறு கண்டு நம்புதல் நம்மவர் வழக்கம். இவ்வழக்கமே வஞ்சகர்க்குப் பெருந்துணையாகின்றது. புறவேடம் எளிதில் அணியத்தக்கது; அதனாலேயே அணிகின்றனர்.

பின்னை எதனைக்கொண்டுதான் அறிவது? ஆலோசனை கூறுவோனுக்கு ஊதியம் எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பதனை முதலில் ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நோயாளி குணமடைந்தாலும் அடையாவிடினும், தான் எழுதிக்கொடுக்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் மருந்துக்கடைக்காரனிடம் தரகு பெறும் வைத்தியன் ஒருவனைக் கருதுக. அவன் தீயவனென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவன் எழுதும் மருந்துகளின் எண்ணிக்கை மிகும் என்பதில் ஐயமில்லை. காப்புறுதிப் பத்திரம் விற்பவர் தாம் விற்ற பத்திரத்துக்குத் தரகு பெறுகின்றார். லீசிங் முகவரும், காணித்தரகரும் அத்தகையரே. அவர் தொழில் இழிந்ததன்று. வாங்குவோன் அவரை விற்பனையாளர் என்று அறிந்து வாங்குமளவும் அதனாற் குற்றமுமில்லை. விற்பனையாளர் ஆலோசகர் என்னும் பெயரைப் புனைந்துகொள்ளுமிடத்தே குற்றம் தொடங்குகின்றது. இவ்வேறுபாட்டை இக்காலத்து அரசாங்கங்களும் உணர்ந்துள்ளன. முதலீட்டு ஆலோசனை கூறுவோர் தாம் பரிந்துரைக்கும் பொருளை விற்கும் கம்பனியிடம் தரகு பெறுவதனை இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு முடிவோடு தடைசெய்தனர். இந்தியாவிலே செபி என்னும் நிறுவனம் 2013இல் வகுத்த விதிகளும் ஆலோசகரையும் விற்பனையாளரையும் வேறுபிரித்தற்கு எழுந்தவையே.

நம்மவருள் இதனை முன்னரே அறிந்து நடந்தோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். இலங்கை, பர்மா, மலாயா முதலிய தேசங்களிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய அவர்கள், தத்தம் கடைகளை ஏஜென்டு ஒருவரிடம் மூன்றாண்டுத் தவணையில் ஒப்புவித்து, தவணை முடிந்தபின் கணக்கை அடுத்து வருபவரிடம் எண்ணிக் கொடுப்பித்து அவரை ஊருக்கு அழைத்தனர். ஏஜென்டு உறவினராயிருந்தாலும் கணக்கொப்புவித்தலில் விலக்கில்லை. அவர் வட்டிமுறை பற்றிக் கடனாளிகள் கூறிய முறைப்பாடுகள் பல. அவற்றிற் பல நியாயமானவையே. ஆயினும் நம்பிக்கையையும் கணக்கையும் ஒன்றற்கு ஒன்று பகையென்று அவர்கள் கருதவில்லை என்பதனை நாம் பாராட்டுகின்றோம்.

இங்கேதான் நம் மக்கட்கு ஒரு கூச்சம் தடையாய் வந்து நிற்கின்றது. உமக்கு இதில் என்ன கிடைக்கும், அனுமதிப் பத்திரம் எங்கே, கணக்கைக் காட்டும் என்று வினவுதல் எதிரிலிருப்பவரை அவமதித்தலாகும் என்று அஞ்சுகின்றனர். வந்தவர் மைத்துனராகவோ, கோயிற்றிருப்பணிச் சபையாராகவோ இருப்பின் கேட்கவே வேண்டா, வாய் திறவார். இக்கூச்சத்துக்கு விடை பெரியபுராணத்திலேயே உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்தில் இறைவன்பாற் பெற்ற 12000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது யாவரும் அறிந்த வரலாறு. ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் மச்சம் வெட்டித் தம்பால் வைத்துக்கொண்டார் என்பதனையும், குளத்தில் எடுத்தபின் அம்மச்சத்தோடு ஒப்புநோக்கி உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்பதனையும், மீளப் பாடிய பின்னரே மாற்று நிரம்பியது என்பதனையும் பலர் ஊன்றி நோக்குவதில்லை. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒரு மூர்த்தமே உண்டு. தம்மைத் தோழமையாகக் கொண்ட பெருமான் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்தார் தம்பிரான்தோழர். பெருமானும் அதனை அவமதிப்பாகக் கொண்டிலர். முந்தாநாள் அறிமுகமான ஒருவர் நீட்டும் பத்திரத்தை உரைத்துப் பார்க்க நாம் ஏன் கூசுதல் வேண்டும்? நேர்மையாளர் வினாவுக்கு வெகுளார். வெகுள்வாராயின், அதுவே உரைகல்லிற் கண்ட மாற்றாம்.

இதுகாறும் ஆலோசகனையே நோக்கினோம். கேட்போன்மாட்டுள்ள குறையையும் சொல்லாது விடுதல் நடுநிலையன்று. நல்லாலோசகர் இல்லையென்று முறையிடுவோருட் பலர், நல்லாலோசனை கேட்டபோது எழுந்து போனவரே. நூற்றுக்கு எட்டோ பத்தோ ஆண்டுவட்டி தரும் சேமிப்பு வங்கியைச் சுட்டுவோனை இவனுக்கு உலகம் தெரியாது என்கின்றனர். மாதம் நூற்றுக்குப் பத்துத் தருவேன் என்பவனைக் கெட்டிக்காரன் என்கின்றனர். இதனை ஆராய உயர்கணிதம் வேண்டா. பாடசாலை எண்கணிதமே போதும். மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஒரு இலட்சம் ரூபா ஓராண்டில் 3 இலட்சத்துக்கு மேலாகும். ஐந்தாண்டில் 3 கோடியைக் கடக்கும். எந்த வாணிகம், எந்தத் தோட்டம், எந்தச் சுரங்கம் இவ்வாறு விளையும்? விளைவதொன்று உண்டாயின் அதனை உடையவன் நம் வாயிலில் வந்து நின்று நம் பணத்தை இரப்பானோ? ஆறுபேரைச் சேர்த்தால் இலாபம், அவர் ஒவ்வொருவரும் ஆறுபேரைச் சேர்த்தால் பின்னும் இலாபம் என்னும் திட்டங்களையும் இவ்வாறே கணக்கிடுக. பத்தாம் படியில் 6 கோடிப் பேர் வேண்டும். இலங்கையின் சனத்தொகையோ 2 கோடிக்குச் சற்று மேற்பட்டதே. அடிப்படியில் நிற்போர் இழந்தேயாதல் வேண்டும். அவர்களின் இழப்பே மேற்படியினரின் இலாபம். இக்காரணம் பற்றியே வங்கித்தொழிற் சட்டத்தின் கீழ் இத்தகைய கூம்பகத் திட்டங்கள் இந்நாட்டிற் குற்றமாக்கப்பட்டுள்ளன. 2023இல் மத்திய வங்கி இவ்வாறு விலக்கப்பட்டனவற்றின் பெயர்களையும் வெளியிட்டது. அவற்றுள் ஒன்றாகிய எம்.டி.எஃப்.இ. என்னும் செயலி அவ்வாண்டு ஓகஸ்டில் வீழ்ந்தபோது, இலங்கையில் மாத்திரமன்றி வங்காளதேசம், நைஜீரியா முதலிய நாடுகளிலும் மக்கள் பணமிழந்தனர். இட்ட பணம் போனதுமன்றி, நீரே எமக்குக் கடன்பட்டீர் என்று அச்செயலி கணக்குக் காட்டியது. அறிவிப்பு முன்னரே வெளியாகியிருந்தும் அதனை ஓதிப் பார்த்தோர் சிலர். நம்பினோர் அவரினும் சிலர்.

நிற்க. வங்கிக் கணக்குடையார்க்கு இவை பொருந்தும்; அன்றாடம் உழைத்துண்போருக்கு ஆலோசகர் யார் என்று கேட்பார் உளர். தக்க கேள்வி. ஆர்பத்நாட் வங்கி வீழ்ந்த அதே 1906இல், கண்டிக்கு அண்மையதான தும்பறைப் பகுதியிலே கிராமத்தவர் சிலர் கூடிக் கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கூட்டுறவுக் கடன் சங்கங்கட்கென்று சட்டம் பிறந்தது 1911இல். சட்டத்துக்கு ஐந்தாண்டு முன்னரே இவர்கள் முந்திக்கொண்டனர். சென்னையில் வங்கியைத் தாங்கி நின்ற பெயர்பெற்ற பிரபுக்கள் தும்பறையில் இலர். அங்கே ஒருவரையொருவர் அறிந்த அயலார் இருந்தனர். கடன் கேட்போன் எதற்குக் கேட்கின்றான், திருப்பிக் கொடுப்பானோ என்பது அவர்கட்குத் தெரியும். தவறினால் இழப்பதும் அவர்களின் பணமே. ஆலோசனை கூறுவோனும் அதன் பயனை நுகர்வோனும் ஒரே வட்டத்துள் இருந்தமையின், பொய் கூறுவதால் ஊதியம் பெறுவார் எவருமிலர். 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய என்பார் இச்சங்கங்களை மீள ஒருங்கிணைத்துச் சணச என்னும் இயக்கமாக்கியதும் இவ்வடிப்படை மீதே. சங்கம் என்னும் பெயர் மாத்திரம் காப்பதில்லை என்பதனையும் கூறவேண்டும். உறுப்பினர் கணக்கை ஓதாத சங்கங்கள் பொருளாளர் சட்டைப்பையில் முடிந்த கதைகளும் உண்டு.

மஹய்யாவையில் பெண்கள் நடத்தும் சீட்டு இதன் எளிய வடிவமே. பத்துப் பன்னிரண்டு பேர் மாதந்தோறும் ஒரேயளவு பணமிட்டு, முறைவைத்து ஒருவர் எடுப்பர். சீட்டுப் பிடிப்பவர் முதற்சீட்டை எடுத்துக்கொள்வது வழக்கம். அதுவே அவர் ஊதியம். அஃது யாவர்க்கும் தெரிந்து நிற்றலின் அதில் வஞ்சமில்லை. வட்டியின்மையால் இதனைப் படித்தோர் சிலர் நகைப்பர். அடகுக்கடைக்குப் போகவிருந்த தாலிக்கொடி போகாது நின்ற இலாபத்தை அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. சீட்டெடுத்த பணத்தை வீட்டில் வையாது சேமிப்பு வங்கியில் இடுவாராயின் நன்று. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இல் தொடங்கிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் கூடியமைந்த தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகட்கு அரசாங்கமே பொறுப்பு. அனுமதி பெற்ற ஏனைய வங்கிகளிலும் 2021முதல் ஒருவரது வைப்பில் 11 இலட்சம் ரூபாவரை காப்புறுதியுண்டு. இதனைக் கூறும் ஆலோசகர்க்கு எவரும் தரகு கொடார். அதனாலேயே இதனைக் கூறுவோர் அரியர் போலும்.

இனி எஞ்சுவது கடினமானதோர் ஐயம். வஞ்சிக்கும் எண்ணம் சிறிதுமின்றி, தானும் நம்பித் தன் பணத்தையும் இட்டு, தன் தமையனையும் அயல்வீட்டாரையும் இத்தகைய திட்டமொன்றிற் சேர்த்துவிட்டான் ஒருவன். திட்டம் வீழ்ந்தது. யாவரும் இழந்தனர், அவனும் இழந்தான். இவனை நேர்மையற்ற ஆலோசகன் என்பதா, ஏமாந்தோருள் ஒருவன் என்பதா? ஒரே லயத்தில், ஒரே குழாயடியில் நாள்தோறும் முகம்பார்த்து வாழ்வோருக்கு இவ்வையம் ஏட்டளவில் நிற்பதன்று. அண்ணன் தம்பிக்குள் பேச்சற்றுப்போன வீடுகள் இதனால் உள. அவன் உள்ளத்தில் வஞ்சமில்லை, ஆகவே குற்றமுமில்லை என்று சிலர் முடிப்பர். நாம் அவ்வாறு முடிக்கத் துணியோம். அறியாததனை அறிந்தவன்போலக் கூறுதலும் பொய்யின்பாற் படும். எனக்கு இது தெரியாது என்னும் சொல்லை ஆலோசகன் வாயிலிருந்து எதிர்பார்க்கும் உரிமை கேட்போனுக்கு உண்டு. ஆயினும் வஞ்சகனையும் இவனையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தலும் அநியாயம். வேறுபாடு காணுதற்கு ஒரு வழியுண்டு. ஆட்சேர்த்தமைக்காகத் தலைக்கு இவ்வளவென்று அவனுக்கும் பணம் வந்திருக்கும். தமையன் இழந்த தொகையிற் சிறுகூறு அவன் கணக்கில் ஏறியிருக்கும். அது சிறிதாயினும் ஆகுக, பெரிதாயினும் ஆகுக, அவன் தான் இழந்தது அதனினும் பன்மடங்காயினும் ஆகுக. அப்பணத்தை அவன் எண்ணி எடுத்துக்கொண்டு தமையன் வீட்டு வாயிலுக்குப் போகின்றானா என்பதனையே நாம் பார்ப்போம். தமையன் அதனை வாங்குவதும் வாங்காது விடுவதும் தமையன் விருப்பம்.